பழைய மின்நூலைப் படக் கோப்பாக்கப் போகிறீர்களா? முதலில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்

பேட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து போனில் படிக்க முடியவில்லை. "எழுத்து எறும்பு ஊருதாப்ல இருக்குய்யா" என்றாள். எங்கள் வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினால் பிடிஎஃப் திறக்காது, ஜேபெக் படம் திறக்கும். அதனால் வீட்டில் கிடந்த பழைய மின்நூல்களை எல்லாம் படமாக மாற்ற உட்கார்ந்தேன்.

முதலில் கோப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃப்பைத் திறந்து 400 சதவீதம் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் வழவழவென்று இருந்தால் அது நிஜ எழுத்து, கட்டம் கட்டமாக உடைந்தால் அது ஸ்கேன். மவுஸால் எழுத்தைத் தேர்வு செய்ய முடிகிறதா என்று பார்ப்பது போதாது, ஏனென்றால் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே அடையாளம் காண்பது) செய்த ஸ்கேனிலும் அது முடியும்.

நிஜ எழுத்து என்றால் வேலை சுலபம். கிம்ப் என்ற பட மென்பொருளில் திறந்தால் ரெசல்யூஷன் (டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கேட்கும், 300 என்று கொடுங்கள். ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சலில் வரும், பெரிய டிவிக்கும் பிரிண்டுக்கும் அது தாராளம். ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி, பாமினி போன்ற தமிழ் எழுத்துருக்கள் காலத்துக் கோப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. மாமா அந்தக் காலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த சமையல் குறிப்பில் சொதிக்கான பக்கத்தைத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் வந்தது. டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எம்பெடட் என்று இல்லையென்றால் அந்த எழுத்துரு கோப்புக்குள் இல்லை, அதைத் தேடிக் கணினியில் நிறுவிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். ஈபப் என்ற மின்நூல் வடிவத்துக்குப் பொதுவாக நிலையான பக்கம் என்று ஒன்று கிடையாது. காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் பக்க அளவும் தமிழ் எழுத்துருவும் கொடுத்து பிடிஎஃப் ஆக்கிவிட்டு, பிறகு படமாக்குங்கள்.

ஸ்கேன் என்றால் கவனம் வேண்டும். ஒரு ஆனித் தேரோட்ட மலரை 600 டிபிஐயில் ராத்திரி முழுக்க மாற்றினேன், கோப்பு பல ஜிபி ஆனதே தவிர ஒரு எழுத்துகூடத் தெளியவில்லை, ஏனென்றால் மூல ஸ்கேனே 100 டிபிஐ. இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. அதனால் பக்கத்தைப் புதிதாக வரைய விடாமல், உள்ளே இருக்கும் படத்தை அப்படியே உருவி எடுங்கள். பாப்ளர் என்ற பிடிஎஃப் மென்பொருள் தொகுப்பில் வரும் பிடிஎஃப்இமேஜஸ் என்ற கருவி இதைச் செய்யும், ஒவ்வொரு படத்தின் டிபிஐயையும் பட்டியல் போட்டுக் காட்டும். சில ஸ்கேன்களில் எழுத்து ஒரு அடுக்காகவும் பின்னணி ஒரு அடுக்காகவும் பிரிந்து கிடக்கும், உருவினால் துண்டு துண்டாக வரும். அப்போது மட்டும் அந்தப் பட்டியலில் உள்ள அதே டிபிஐ கொடுத்துப் பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். டெஜாவூ (ஸ்கேன் நூல்களுக்கான இன்னொரு கோப்பு வடிவம்) என்றால் டெஜாவூலிப்ரே என்ற மென்பொருள் மூலம் டிஃப் படமாக எடுத்துவிடலாம்.

கிம்ப்பில் மாற்றியதை, தரம் குறையாத பட வடிவமான பிஎன்ஜியில் சேமியுங்கள். ஜேபெக்கில் தரத்தைக் குறைத்தால் எழுத்தைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி சாம்பல் நிறம் வரும், முதலில் அடிபடுவது எழுத்தின் தலையில் உள்ள புள்ளிதான். 'க்' எது, 'க' எது என்று ஆச்சி தடுமாறியது இதனால்தான். உருவும்போது ஜேபெக்காகவே வந்த படத்தை மட்டும் மறுபடி சேமிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். டிவிக்குத் தனியாகத் தரம் 90-ல் ஒரு ஜேபெக் நகல் போதும். டிவி அகலவாக்கில் இருப்பதால் பக்கத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள், வெட்டும் இடத்தில் இரண்டு வரி இரண்டு பாதியிலும் வரட்டும், இல்லையென்றால் வாசிப்பு அறுந்துபோகும்.

பெயரை 001, 002 என்று வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் பல டிவிகளில் 1-க்கு அடுத்து 10-தான் வரும்.