சர்க்கரை நோயுள்ள நாய்: குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள்

சர்க்கரை நோய் உள்ள வயதான நாய்க்குக் காலையில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து, குடித்த அளவைக் காலண்டரில் குறியுங்கள். நடுவில் ஊற்றியதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நாய் வழக்கமாக ஒரு நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. குடிக்கும். 10 கிலோ நாய் 1 லிட்டரைத் தாண்டினால், அல்லது மூன்று நாளாக அளவு ஏறிக்கொண்டே போனால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ரத்தச் சர்க்கரை சுமார் 200 மி.கி.யைத் தாண்டும்போது சிறுநீரில் இறங்குகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள், நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகும். ஊசி அளவையும் நீங்களாகக் கூட்டாமல், குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். வெயிலில் இருந்து கெட்டுப்போன மருந்துகூடக் காரணமாக இருக்கலாம்.

இரண்டு நாய்கள் ஒரே கிண்ணத்தில் குடித்தால் இந்தக் கணக்கு உதவாது. கஞ்சி, தயிர்சாதம் தின்னும் நாய் குறைவாகக் குடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, கோடை வெயில் மூன்றுமே தாகத்தைக் கூட்டும். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவதையும் இந்தக் கணக்கு காட்டாது. அப்படிக் குறைந்து நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் தேன் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.