ஓம எண்ணெய் வைரஸை அழிக்குமா? ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

ஓம வாசனைக்குக் காரணம் தைமால் என்ற வேதிப்பொருள். அமெரிக்காவில் தைமால் சேர்ந்த கிருமிநாசினிகளும் அரசுப் பதிவு பெற்று விற்பனையில் இருக்கின்றன. முதல் சோதனைக்கு ஓம எண்ணெயையே எடுங்கள். வீட்டில் வேண்டாம், கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் செய்யுங்கள்.

நோய் தரும் வைரஸுக்குப் பதில் ஃபை6 என்ற பாக்டீரியோஃபேஜ் (பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ், சுருக்கமாக ஃபேஜ்) போதும், மனிதரைத் தொற்றாது. கொரோனா வைரஸைப் போல இதற்கும் கொழுப்பு உறை உண்டு. எண்ணெய் பெரும்பாலும் அந்த உறையைத்தான் சிதைக்கும். உறையில்லாத நோரோவைரஸ் வகை லேசில் மசியாது. ஃபை6 வளர, செடிகளைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியா தேவை.

1. 1% ட்வீன் 80 (எண்ணெயை நீரில் கலக்க உதவும் பொருள்) கலந்த நீரில் 1% எண்ணெய் விட்டு, பால்போல வெளுக்கும்வரை வோர்டெக்ஸில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) கலக்குங்கள். சற்று நேரம் விட்டால் எண்ணெய் மேலே வளையமாகத் திரளும். அடியிலிருந்து பைப்பெட்டில் எடுத்தால் எண்ணெய் குறைந்துபோகும். எடுக்கும் முன் மறுபடி கலக்குங்கள்.

2. மூன்று குழாய்கள்: எண்ணெய்க் கலவை, வெறும் ட்வீன் நீர், வெறும் பஃபர் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்). ஒவ்வொன்றிலும் 0.9 மில்லி. மில்லிக்கு 10 கோடி ஃபேஜ் உள்ள கரைசலில் 0.1 மில்லி சேர்த்து, 10 நிமிடம் வையுங்கள்.

3. உடனே ஒவ்வொரு குழாயிலிருந்தும் 0.1 மில்லியை 9.9 மில்லி ப்ராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டத் திரவம்) விடுங்கள். 100 மடங்கு நீர்த்ததும் எண்ணெயின் வேகம் அடங்கும். பிறகு பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யுங்கள்.

4. மென் அகாரில் (இளகிய ஊட்டக் கூழ்) சூடோமோனாஸ் பாக்டீரியாவுடன் கலந்து தட்டில் ஊற்றி, 25 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வையுங்கள்.

காலையில் பாக்டீரியாப் படலத்தில், ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடங்களில் தெரியும் தெளிந்த வட்டங்களை எண்ணுங்கள். 30 முதல் 300 வரை உள்ள தட்டுகளே கணக்கு. பஃபர் குழாயில் மில்லிக்கு 1 கோடி, எண்ணெயில் 10,000 என்றால் 99.9% அழிவு, அதாவது 3 லாக் (ஒரு லாக் என்றால் பத்து மடங்கு குறைவு). கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வைரஸைக் கொல்லும் கிருமிநாசினிகளுக்கான ஐரோப்பிய இஎன் 14476 தரம் கேட்பது 4 லாக்.

வட்டமே இல்லையென்றால் துள்ளிக் குதிக்காதீர்கள். படலம் முழுதாக வளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் பாக்டீரியாவையும் கொல்லும். படலமே இல்லாத தட்டு எதையும் நிரூபிக்காது. படலம் இருந்தும் சந்தேகமா? ஃபேஜ் சேர்க்காத எண்ணெய்க் கலவையை 100 மடங்கு நீர்த்து, அதன்பின் சுமார் 100 ஃபேஜ் விடுங்கள். ப்ராத்தில் மட்டும் விட்டதற்கும் இதற்கும் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். குறைந்தால் எண்ணெய் இன்னும் வேலை செய்கிறது. மேலும் நீர்க்கச் செய்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். ட்வீன் குழாயிலேயே எண்ணிக்கை சரிந்திருந்தால் பெருமை ஓமத்துக்கு இல்லை.

தட்டுகளை 121 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாமல் வெளியே போடாதீர்கள்.