கல்லூரியில் சேர்ந்த கையோடு இதைக் கேளுங்கள்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, தமிழ்நாட்டில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பஸ், நோட்டு, ஜெராக்ஸ் செலவுக்கே திண்டாடுகிற பிள்ளைக்கு இது பெரிய தொகை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதனால் கூச்சப்படாமல் முதல் வாரமே அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது, வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், அதோடு ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். கணக்கு இருந்தும் இந்த இணைப்பு இல்லாவிட்டால் பணம் வராது, கிளைக்கே நேரில் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் தயங்க வேண்டாம், அதோடு சேர்த்து இதையும் வாங்கலாம்.