முதல் பனி விழுந்த மலையில் ஏறுமுன்: பனிச்சரிவு பற்றி ஆரம்பப் பாடம்

காஷ்மீரின் குல்மார்க்கில் சீசன் தொடங்கும்போது, கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியில் ஏறி அஃபர்வாட் மலைத்தோளில் இறங்கினால் பாறைகள் அங்கங்கே தலைகாட்டும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 3,900 மீட்டருக்கு மேல். "இந்தக் கொஞ்சப் பனியா சரியப்போகிறது?" என்று தோன்றும். முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள்.

தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மைனஸ் 10, 15 என்று இறங்கிவிடும். பனி மெல்லியதாக இருக்கும்போது இந்த வித்தியாசம் சில சாண் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அடியிலிருந்து நீராவி மேலேறும்போது, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். வெயில் படாத வடக்குச் சரிவுகளில் இது அதிகம். டிசம்பர் 21-இல் சில்லை கலான் என்னும் காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம் பிறந்து பெரும்பனி கொட்டும்போது, ரவையைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்த கதைதான்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. முந்தின நாளே அறிக்கையைப் பாருங்கள். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் டிஜிஆர்இ (DGRE) நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் "நடுத்தரம்தானே" என்று நினைக்காதீர்கள். புதியவர்கள் அன்று செங்குத்துச் சரிவுகள் பக்கமே போக வேண்டாம்.

2. சாய்வை அளந்து பாருங்கள். பனிச்சறுக்குக் கோலைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்தால் சாய்வு அளக்கும் செயலி கோணத்தைச் சொல்லிவிடும். மேற்பனி பலகைபோல் ஒன்றாகப் பெயர்ந்து வரும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான். நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும், தலைக்குமேல் இருக்கும் சரிவையும் பாருங்கள்.

3. குழி வெட்டிப் பாருங்கள். நீங்கள் போகப்போகும் சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதே திசையைப் பார்த்த, ஆபத்தில்லாத சிறு மேட்டில் தரை தெரியும்வரை வெட்டுங்கள். குழியின் சுவரில் விரலை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். மேலே இறுக்கமாக இருக்கும். அடியில் விரல் சட்டென்று உள்ளே போகும். ஒரு பிடி அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள். பிடிபடாமல் கல்லுப்பு மாதிரி விரலிடுக்கில் கொட்டும். நான் முதன்முதலாக இதை அள்ளியபோது, காலையில் கவலையில்லாமல் கடந்துவந்த சரிவுதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்படிக் கொட்டினால் அந்தப் பக்கச் சரிவுகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கொட்டாவிட்டாலும் அதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தடி தள்ளி வேறு மாதிரி இருக்கலாம்.

4. மலை காட்டும் அடையாளங்கள். காலடியில் "வும்ப்" என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். சீசன் தொடக்கத்தில் சின்னப் பனிச்சரிவுகூட ஆளைப் பாறைமேல் இழுத்துக்கொண்டு போகும்.

5. கருவிகள். ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், பெறும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் வேண்டும். சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் பெரிய வாய்ப்பு, அதற்குள் கீழிருந்து உதவி வந்துசேராது. அதனால் குல்மார்க் புல்வெளியிலேயே ஒரு பீக்கனைப் பையில் போட்டு, அந்தப் பையைப் பனியில் புதைக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். போனை அணைத்துவிட்டு உங்கள் பீக்கனால் தேடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கும்வரை மேலே டிக்கெட் வாங்க வேண்டாம்.