கதை சொல்லும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்பதுதான், அக்கறையுள்ள பெற்றோரிடம் அதிகம் காணப்படும் தவறு. பாட்டி வடை சுட்ட கதையில் நரியின் தந்திரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது என்ற நீதியை உடனே ஊட்ட வேண்டியதில்லை. காகம் வாயைத் திறந்ததும் வடை விழுந்துவிட்டதே, அதற்கு மேல் விளக்கம் எதற்கு? காகம் பாட்டியிடம் திருடியது மட்டும் சரியா என்று குழந்தையே கேட்டால், அதைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம்.

இதனால் கேள்வியே கேட்கக் கூடாது என்பதல்ல. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படக்கதை வாசிக்கும்போது ஒற்றைச் சொல்லில் விடை முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்னதை இன்னும் சற்று விரித்துச் சொல்லவும் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் கூடுதலாக வளர்ந்திருந்தது. "வடையை எடுத்தது யார்?" என்பது தேர்வு, "காகம் இப்போது என்ன செய்யும்?" என்பது பேச்சு.

சொன்ன கதையையே மறுபடி கேட்கும் குழந்தையிடம் சலித்துக்கொள்வதும், சாப்பிட வைப்பதற்காகப் பூச்சாண்டியை வரவழைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. பயந்து விழுங்கிய சோற்றில் கதைக்கு வேலையே இல்லை. சொன்ன கதையைத் திரும்பச் சொல்லும்போதுதான் குழந்தை கதைக்குள் நுழைகிறது. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று சொல்லி, தின்ற பண்டத்தின் பெயரை மறக்கும் இடத்தை நாம் எட்டுவதற்கு முன்பே குழந்தை கத்திவிடும். (அதே கதையில் அவன் மனைவியை அடிக்கும் இடம் நமக்கு உறுத்தினால், அவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கியதாக மாற்றிச் சொல்வதில் குற்றமில்லை.) கைபேசியில் ஓடும் கதை, குழந்தை 'உம்' கொட்டும்வரை காத்திருப்பதில்லை, வேலை மிகுந்த நாளில் அதைப் போட்டுக் கொடுப்பது பெரும் பாவமல்ல, பெற்றோரின் குரலுக்கு ஈடாக அதைக் கருதுவதுதான் தவறு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, சொந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் விடுவது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும், பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரம் எது என்பன போன்ற 20 கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டார்கள். அதிகம் தெரிந்திருந்த குழந்தைகளிடம் தன்மதிப்பு கூடுதலாகவும் பதற்றம் குறைவாகவும் இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் இந்தப் பலன் வராது; சாப்பாட்டு வேளையிலும் பயணத்திலும் பேசிப் பேசி அவை வந்து சேர வேண்டும் என்பதை டியூக்கே வலியுறுத்தினார்.

நம் வீடுகளில் இந்தக் கதைகள் பெரும்பாலும் "நாங்கள் செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்தோம், உனக்கு என்ன குறை?" என்ற வசையாகவே வெளிவருகின்றன. அப்போது குழந்தையின் காதில் விழுவது கதையன்று, குற்றச்சாட்டு. மறுபுறம், தாத்தா தொடங்கிய கடை நொடித்துப்போனதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறோம். விழுந்ததும் எழுந்ததும் கலந்த குடும்பக் கதையே பிள்ளைகளுக்கு அதிகத் துணை என்பது டியூக்கின் கருத்து. அதற்காகக் கடன்காரர் வாசலில் நின்று கத்தியதையெல்லாம் ஆறு வயதுக் குழந்தையிடம் விவரிக்க வேண்டியதில்லை. கடையை மூடினார்கள், சில காலம் அத்தை வீட்டில் இருந்தார்கள், தாத்தா வேறு வேலைக்குப் போனார் என்ற அளவு அந்த வயதுக்குப் போதும். விட்டுப்போனதை விவரம் தெரிந்த வயதில் பிள்ளையே கேட்கும்.