ஆய்வுக்காக ஆட்களைச் சந்திக்கப் போகும் முன்: முதல் தடவை செய்பவர்களுக்கு

இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் திருகோணமலைக் கரையோரத்திலுள்ள திருக்கடலூரிலோ சல்லியிலோ கடற்றொழில் குடும்பங்களிடம் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, 2004 சுனாமிக்குப் பிறகு தொழில் எப்படி மாறியது என்பது. வினாக்கொத்தை அச்சடிக்க ஓடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

படி 1: அனுமதி

ஆட்களிடம் தகவல் எடுக்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் (ஆய்வு அதில் பங்கேற்பவரைப் பாதிக்காதா என்று பார்க்கும் குழு) அனுமதி தேவை. எந்தக் குழு, எந்தப் படிவம் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பேட்டிகளை முடித்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களை அரச சுகாதாரத் துறையே சிகிச்சை கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் ‘உங்களுக்குக் கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். அந்த நோயைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. அந்த அநியாயம் வெளியே வந்த பின்னர் எழுதப்பட்டதுதான், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும் 1979 பெல்மன்ட் அறிக்கை. மனிதரை மதித்தல், தீங்கைக் குறைத்து நன்மையைக் கூட்டுதல், நீதி என்ற மூன்றும் அதிலுள்ளவை. குழு உங்கள் விண்ணப்பத்தில் தேடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

படி 2: தகவல் தாள்

ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், என்ன கேட்பீர்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், குரலைப் பதிவு செய்வீர்களா, எந்தத் திகதி வரை விலகலாம், யாருக்கு போன் எடுத்துக் கேட்கலாம். தமிழில் எழுதுங்கள், சிங்களம் பேசுபவரையும் சந்திப்பீர்களானால் சிங்களத்திலும்.

இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: ‘இதனால் உங்களுக்கு நிவாரணமோ வீடோ வள்ளமோ கிடைக்காது.’ பேப்பரும் பேனையுமாக வருபவரைப் பார்த்தால், உதவிக்குப் பெயர் பதிய வந்தவர் என்று கரையோரத்தில் நினைக்கக்கூடும். அந்த நம்பிக்கையில் சொல்லப்படும் பதில் சம்மதத்தோடு வந்ததல்ல.

படி 3: சம்மதம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிராம உத்தியோகத்தரையும் சங்கத் தலைவரையும் முதலில் சந்திப்பது மரியாதை. ஆனால் அவர்கள் ‘சரி’ சொன்னது ஊரவர் சொன்னதாகாது. யாரைப் பேட்டி எடுப்பது என்பதை அவர்களிடம் விடாதீர்கள். சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) பக்கத்தில் நிற்கும்போது கரைவலை இழுப்பவரிடம் சம்மதம் கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர் எப்படி மறுப்பார்?

“ஓம் பிள்ளை, கேளுங்கோ” என்று தேத்தண்ணியோடு வரும் பதில் உபசாரம். தகவல் தாளை வாசித்துக் காட்டிவிட்டு, “இப்ப நான் என்னத்துக்கு வந்திருக்கிறன் எண்டு விளங்கினதைச் சொல்லுங்கோ அம்மா” என்று கேட்டுப் பாருங்கள். நிவாரணம் என்று வந்தால் திரும்ப விளக்குங்கள்.

யுத்த காலத்தைக் கண்டவர்கள் கையொப்பம் வைக்கத் தயங்கலாம். வாய்மொழிச் சம்மதத்துக்கும் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். 18 வயதுக்குக் கீழானவரென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அப்புறம் பிள்ளையின் விருப்பமும் வேண்டும்.

படி 4: பேட்டி

தொழில் பற்றிய ஆய்வில் இறந்தவர்களைப் பற்றித் துருவ வேண்டிய தேவையே இல்லை. பேட்டி தருபவர்கள் தாங்களாகப் பேசினால் கேளுங்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விடுங்கள். பக்கத்தில் மனநல உதவி எங்கே கிடைக்கும் என்பதைப் போகுமுன் விசாரித்து வையுங்கள்.

படி 5: பெயரை மறைத்தல்

பெயருக்குப் பதில் ‘ப-07’ என்று போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ‘சுனாமியில் கணவரை இழந்த, கருவாடு விற்கும், மூன்று பெண்பிள்ளைகளின் தாய்’ என்று அடுத்த வரியிலேயே எழுதினால் சல்லியில் யாருக்குத்தான் தெரியாது? பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுதாமல் விடுங்கள், ஊரை ‘ஒரு கரையோரக் கிராமம்’ ஆக்குங்கள். படமெடுத்தால் வள்ளத்தின் பதிவு இலக்கமும் பெயரும் தெரியக் கூடாது. அது ஆளையே காட்டிக்கொடுக்கும்.

பெயரும் குறியீடும் உள்ள பட்டியலை ஒலிப்பதிவுகளோடு சேர்த்து வைக்காதீர்கள். ஒலிப்பதிவை எழுதித் தரச் சொல்லி நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம் பற்றிய தகவல்களைத் தனி வகையாகவே பார்க்கிறது. ஆய்வுக்குத் தேவையில்லையென்றால் அவற்றைக் கேட்கும் கட்டங்களை வினாக்கொத்திலிருந்து இப்போதே வெட்டிவிடுங்கள்.