எச்.ஐ.வி. உள்ள குழந்தை சாப்பிட அடம்பிடித்தால் முதலில் வாயைப் பாருங்கள்

என் அக்கா மகனைக் கைக்குழந்தையிலிருந்து நான்தான் வளர்க்கிறேன். அவனுக்குப் பிறப்பிலேயே எச்.ஐ.வி. இருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது வாயைப் பற்றித்தான். வாய் வலித்தால் சாப்பாடு நிற்கும், கூடவே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தும் நிற்கும். மருந்து நின்றால் வைரஸ் பெருகி எதிர்ப்புச் சக்தி இறங்கும். அப்புறம் வாய்த்தொற்று இன்னும் மோசமாகும். இந்தச் சுழலை முதல் இடத்திலேயே அறுக்க நம்மால் முடியும்.

சின்னக் குழந்தைக்கு “வாய் வலிக்கிறது” என்று சொல்லத் தெரியாது. இவன் மூன்று வயதில், ஊட்டியதை மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வான். தண்ணீர் குடிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். எச்சில் வடிந்து சட்டைக் கழுத்து நனைந்தே இருக்கும். பிரஷ்ஷை எடுத்தாலே ஓடுவான். பார்க்கிறவர்கள் அதை அடம் என்பார்கள். பள்ளி வயது வந்த பிறகு அறிகுறி மாறியது. பேச்சைக் குறைத்தான், சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்தான், ராத்திரி தூக்கமில்லாமல் காலையில் வகுப்பில் தூங்கினான்.

வாயைப் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம் நல்லது, இல்லாவிட்டால் டார்ச். கையைக் கழுவிவிட்டு, குழந்தையை மடியில் சாய்த்து, ஒரே வரிசையில் பார்த்துப் பழகுங்கள்: உதட்டு ஓரம், உதட்டின் உள்பக்கம், ஈறு, இரண்டு கன்னம், நாக்கின் மேலும் கீழும், கடைசியாக அண்ணம். வாரம் ஒரு தடவை பல் துலக்கும்போதே பார்த்துவிடலாம்.

இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பால் படிந்திருந்தால் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தவுடன் போய்விடும். பூஞ்சைத் திட்டு அவ்வளவு எளிதில் பெயர்ந்து வராது, வந்தாலும் அடியில் சிவந்து புண்ணாக இருக்கும். ஆகவே அழுத்தித் தேய்க்காதீர்கள். இதே தொற்று வெள்ளையே இல்லாமல் அண்ணத்தில் வெறும் சிவப்பாகவும் வரும், வாய் ஓரத்தில் வெடிப்பாகவும் வரும். இந்த இரண்டையும்தான் வீட்டில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிறோம்.

உதட்டிலும் ஈறிலும் கொத்தாகக் கொப்புளங்கள், கூடவே காய்ச்சல் என்றால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதற்கான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பல்லை ஒட்டி ஈறில் சிவப்புக் கோடு தெரிந்தால் அடுத்த முறை போகும்போது காட்டலாம். ஈறு அழுகி, துர்நாற்றம் அடித்து, தானாக ரத்தம் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். காதுக்கு முன்னால் கன்னம் வலியில்லாமல் வீங்கியிருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமாக இருக்கலாம். அதனால் வாய் உலர்ந்து பல் சீக்கிரம் சொத்தையாகும்.

பூஞ்சைக்குப் பெரும்பாலும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து தருவார்கள். அது பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், அதனால் கொடுக்கும் விதம் முக்கியம். சாப்பாடு முடிந்து வாயைச் சுத்தம் செய்த பிறகு, அளவில் பாதியை ஒரு கன்னத்திலும் மீதியை மறு கன்னத்திலும் விடுங்கள். பெரிய பிள்ளையென்றால் முடிந்தவரை வாயிலேயே வைத்திருந்து விழுங்கச் சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரம் எதுவும் கொடுக்க வேண்டாம். வெள்ளை மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் தொடர வேண்டும். பால் புட்டி, சூப்பான், வாயில் வைக்கும் பொம்மை இவற்றைக் கொதிக்க வைத்துக் கழுவுங்கள். தொற்று ஆறியதும் பிரஷ்ஷை மாற்றுங்கள்.

பூஞ்சைக்கு ஃபுளுகோனசோல் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால், குழந்தை சாப்பிடும் ஏ.ஆர்.டி. மருந்துகளின் பெயரை அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நெவிரபின் போன்ற ஏ.ஆர்.டி. மருந்தின் அளவை அது ரத்தத்தில் ஏற்றும்.

விழுங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதால், எச்சிலைக்கூட விழுங்காமல் வழியவிட்டால், தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்குச் சொட்டு மருந்து போதாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாக்கு வறண்டு, அழுதால் கண்ணீர் வராமல், ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலும் அப்படித்தான்.

இனி மருந்து வேளை. லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்ற ஏ.ஆர்.டி. சிரப் கசக்கும். அதில் நூற்றுக்கு 42 பங்கு ஆல்கஹால் இருப்பதால் புண்ணில் பட்டால் சுரீர் என்று எரியும். “சித்தி, எரியுது” என்று இவன் வாயைப் பொத்திக்கொள்வான். சிரப் கொடுப்பதற்கு முன் சில்லென்று ஏதாவது ஒரு வாய் கொடுத்து நாக்கை மரத்துப்போகச் செய்வேன், கொடுத்தவுடன் இன்னொரு வாய். இப்போது பல குழந்தைகளுக்கு டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்து தண்ணீரில் கரையும் மாத்திரையாகவே கிடைக்கிறது. அது உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா என்று கேளுங்கள். எந்த மாத்திரையையும் கேட்காமல் பொடிக்காதீர்கள், வாய் ஆறும்வரை நிறுத்தியும் வைக்காதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் சிரப்பை எடைக்கு ஏற்ற அளவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தால் நாலு வாயாவது இறங்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நாமாகத் தடவக் கூடாது, இரண்டு வயதுக்குள் அது ஆபத்து. உணவு மிருதுவாக, ஆறியதாக, காரமும் புளிப்பும் இல்லாமல் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்.

பல் துலக்குவதை வலிக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் போதும். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. சிரப்களில் பெரும்பாலும் சர்க்கரை இருப்பதால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நிஸ்டாட்டினுக்கு மட்டும் அரை மணி நேரம் காத்திருங்கள்.

அப்புறம் பள்ளி. எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். ஹெர்பிஸ் கொப்புளம் இருக்கும் நாட்களில் மட்டும், அந்தக் கொப்புளம் தொற்றும் என்பதால், முத்தம் வேண்டாம், டம்ளரைத் தனியாக வையுங்கள். “வாய் நாறுது” என்று பக்கத்துப் பையன் சொன்ன பிறகு இவன் சில நாள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஆசிரியரிடம் “வாய்ப்புண்ணுக்கு மருத்துவம் பார்க்கிறோம், சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், தண்ணீர் குடிக்க அனுமதியுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையின் நோய் விவரம் அவனுக்குச் சொந்தமானது.

ஒவ்வொரு தடவை வாய்ப்புண் வரும்போதும் தேதி, இடம், எத்தனை வேளை சாப்பிடவில்லை, எத்தனை டோஸ் தவறியது, எடை என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆன்டிபயாடிக் அல்லது ஆஸ்துமா இன்ஹேலர் எடுத்த பிறகும் பூஞ்சை வரலாம், அதையும் குறியுங்கள். ஒழுங்காக மருந்து சாப்பிடும் குழந்தைக்கும் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால், அந்த நோட்டைக் காட்டி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை இப்போதே எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும்.